வெள்ளிக் காகிதம் ஒட்டிய பிளாப்பி

எங்கள் மூத்தார் வேதாசலம் பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். சட்டைப் பையைப் பார்த்துப் பேசுவார். அந்தப் பையில் பேனா சாய்ந்திருந்தால் பேச்சை நிறுத்தி, அதை நேராக்கிவிட்டுத்தான் தொடருவார். அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவுடைய பேனாவை இவர் நேராக்கினார் என்றும், அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று என்றும் என் கணவர் சின்னசாமி கேலி செய்வார். உண்மையோ பொய்யோ, மூத்தார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியோடு எங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே இருந்தார்.

மூத்தார் என்றால் கணவருக்கு அண்ணன். எங்கள் சனத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில் நிற்கக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. எங்கள் சொந்த ஊரான ஜோலார்பேட்டையில் இந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிற்று என்று சொல்கிறார்கள். செகந்திராபாத்துக்கு வந்த நாங்கள் விடவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்தால் பேச்சு தடுமாறும். அதனால் உண்மையைச் சொன்னால் அந்தப் பழக்கம் எனக்கு வசதியாகவே இருந்தது. எழுபத்தெட்டில் அந்த வீட்டுக்கு வந்தேன். பன்னிரண்டு வருடம் அவரோடு ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை.

என் கணவர் இருந்தால் அவர் வழியாகப் பேச்சு நடக்கும்.

"அண்ணே, ரசம் வேணுமான்னு அரசி கேக்கறா."

"நக்கோன்னு சொல்லு." செகந்திராபாத் பேச்சில் நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம்.

"நக்கோவாம்டி. மூணடி தூரத்துல உக்காந்துகினு இதுக்கு நடுவுல ஒரு தந்தி ஆபீஸ்! எனக்கு இன்னா சம்பளம் குடுக்கறீங்க ரெண்டு பேரும்?"

என் கணவர் ரயில்வே ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டால், நான் தண்ணீர்ப் பானையைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது" என்பேன். மூத்தார் ரேடியோவைப் பார்த்து, "ஹவ், வர்றேன்" என்பார். இதற்கு மேல் அவசியப்படவில்லை. பேசாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும். அவர் சட்டையில் எந்தப் பொத்தான் தளர்கிறது என்பது அவருக்கு முன் எனக்குத் தெரியும்.

மூத்தார் ஐ.டி.ஐ. படித்தவர். அறுபத்தேழில், உப்பலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சர்க்கார் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வரும். ஆறரைக்கே போய் நின்றுவிடுவார். சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து, எது எங்கே கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. புதிதாக வரும் இன்ஜினியர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் சொன்னதை இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் மேலே போனார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்தும் இவர் டெக்னீஷியன்.

எண்பத்தைந்தில் அவர் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் செய்தார். பாகம் பாகமாக வாங்கி வந்து, முன்னறை மேசையில் ஒன்றரை வருடம் பொருத்தினார். பச்சை எழுத்து வரும் திரை. பெட்டியில் மேலும் கீழுமாக இரண்டு வாய்; அவற்றில் கறுப்புச் சதுரமான பிளாப்பிகளைச் செருக வேண்டும். அந்தப் பெட்டிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஸ்விட்ச் போடும்போது மேல் வாயில் எந்தப் பிளாப்பி இருக்கிறதோ, அதன் புத்திதான் அன்றைக்கு அதற்கு. மூத்தாரிடம் அப்படி இரண்டு இருந்தன. ஒன்று டாஸ், புதியது. இன்னொன்று சிபிஎம், பழையது. தொழிற்சாலையில் இருந்த மிஷின்கள் பழசு என்பதால் அந்த வேலைக்குச் சிபிஎம். ஞாயிற்றுக்கிழமைகளில் அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சிக்கூடத்தில் பாடம் எடுத்தார், அதற்கு டாஸ்.

"ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம்டா சின்னா" என்று அவர் தம்பிக்கு விளக்கியதை அடுப்படியிலிருந்து கேட்டேன். "ஒருத்தன் இருக்கும்போது இன்னொருத்தன் வெளிய போயிடணும். ஒருத்தன் எழுதினது இன்னொருத்தனுக்குப் படிக்கத் தெரியாது."

"சண்டை வராதா?"

"சந்திச்சாத்தானே சண்டை."

நான் அடுப்படி நிலைப்படியில் நின்று பார்ப்பேன். அரிசி பொறுக்குகிற சாக்கில் முறத்தோடு நிற்பேன். அவர் முதுகு எனக்கு, முகம் திரைக்கு. எந்த எழுத்துக்கு எந்தச் சாவி என்று பார்த்துப் பார்த்தே பிடிபட்டது. அமீர்பேட் பிள்ளைகளுக்காக அவர் புதுப் பிளாப்பி வாங்கி வருவார். டாஸ் மேல் வாயில் இருக்க, புதியதைக் கீழ் வாயில் செருகினால் திரையில் ஒரு இங்கிலீஷ் வரி வரும்: படிக்க முடியவில்லை, விடவா, திரும்பப் பார்க்கவா என்று. அது வந்தால் பிளாப்பி கன்னி கழியாதது என்று அர்த்தம். உடனே அவர் ஃபார்மட் என்று அடிப்பார். பெட்டி நாற்பது வரை எண்ணும். பிறகு அது எழுத ஏற்றதாகிவிடும்.

ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நானே ஒன்றைச் செய்தேன். பெட்டி நாற்பது வரை எண்ணும்வரை மூச்சு விடவில்லை. சாயங்காலம் அவர் அதை எடுத்துப் போட்டார். இங்கிலீஷ் வரி வரவில்லை. "இது ஏற்கெனவே ரெடியா இருக்குதே" என்று ரேடியோவைப் பார்த்துச் சொன்னார். ஒரு வாரம் வரைக்கும் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை செய்தேன்.

நான் பார்க்காதது ஒன்று இருந்தது. டாஸ் மேலே இருக்கும்போது, சிபிஎம்மில் எழுதிய பிளாப்பியைக் கீழே போட்டால் என்ன ஆகும்? பேனாவை நேராக்குகிற மனிதர் அதை ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை. அதனால் அதை நான் பார்க்க நேர்ந்ததே இல்லை.

எண்பத்தொன்பதாம் வருடம் தொழிற்சாலையில் டெக்னிகல் அசிஸ்டென்ட் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். பட்டம் இல்லாதவர்களும் போடலாம். ஆனால் சொந்தமாகச் செய்த ஒரு வேலையைக் கமிட்டி முன் நடத்திக் காட்ட வேண்டும். நவம்பர் வந்தால் மூத்தாருக்கு வயது வரம்பு முடிந்துவிடும். இதைவிட்டால் ரிட்டையர் ஆகும்வரை அதே நாற்காலிதான். ஒரு போர்டைப் பூட்டினால் எந்தப் பாகம் கெட்டது என்று தானே சொல்கிற புரோகிராமை மூன்று வருடமாக அவர் சிபிஎம்மில் எழுதிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள். ஒரு இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. மற்றவர் தியாகு அண்ணன், மூத்தாரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், எங்கள் வீட்டுக்கு வந்து போகிற ஒரே சிநேகிதர்.

அந்தப் புதனுக்கு முந்திய சனிக்கிழமை மூத்தாருக்கு ஜுரம். அப்படியும் உட்கார்ந்து, கடைசித் திருத்தம் போட்டு, பிளாப்பிகளில் இருந்த அழுக்கு லேபிள்களை உரித்தார். கமிட்டிக்கு டைப் அடித்த புது லேபிள் ஒட்ட வேண்டுமாம். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. அன்று நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன்.

ஞாயிறு காலை ஜுரம் ஏறிவிட்டது. என் கணவரிடம் சொன்னார்: "சாயந்திரம் அமீர்பேட்டிலிருந்து ஆள் வருவான். பத்துப் புது பிளாப்பி ரெடி பண்ணித் தரேன்னு சொல்லியிருந்தேன். முடியலை. திருப்பி அனுப்பிடு."

"நீ படுண்ணே. அவனுங்க ஒண்ணும் செத்துடமாட்டானுங்க" என்றார் இவர்.

பத்து மணிக்குத் தியாகு அண்ணன் சாத்துக்குடியோடு வந்தார். முன்னறையில் நாற்காலி ஒன்றுதான், கம்ப்யூட்டர் முன்னால். அதில் உட்கார்ந்தார்.

"இன்னா வேதா, புதன்கிழமை வராம இருக்கறதுக்கு ஜுரமா? பயந்துட்டியா?"

"உன்னைப் பாத்தா? போடா."

"நீ வந்தா எனக்கு வேலை கிடைக்காது. ஒரு வாரம் படுத்துக்கோ, அண்ணன் சொல்றேன் கேளு" என்று சிரித்தார். மூத்தாரும் சிரித்து இருமினார். மூத்தார் உள்ளறைக்குப் போய்ப் படுத்ததும் தியாகு அண்ணன் காபி குடித்துக் கிளம்பினார். பெட்டியின் மேல் மூடியிருந்த துணியைக்கூட அவர் விலக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் என் கணவர் ஓவர்டைமுக்குப் போனார். வீடு அமைதியாக இருந்தது. மேசைமேல் பிளாப்பி டப்பா ஒன்று திறந்து கிடந்தது. புதுப் பிளாப்பி வருகிற அதே டப்பா. உள்ளே லேபிள் இல்லாமல் எட்டு. பத்தில் இரண்டை முடித்திருப்பார் என்று நினைத்தேன். ஆள் வெறுங்கையோடு போக வேண்டாமே, அவர் எழுந்து பார்த்தால் எல்லாம் தயாராக இருக்குமே என்று தோன்றியது. ரேடியோவைப் பார்த்து அவர் சொல்லப்போகிற வார்த்தைகூட எனக்குக் கேட்டுவிட்டது.

இருந்தாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. டாஸை மேலே போட்டேன். முதல் பிளாப்பியைக் கீழே போட்டேன். அந்த இங்கிலீஷ் வரி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அப்படியே பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வந்தது. ஏழு முடித்தேன்.

எட்டாவதன் ஓரத்தில், சின்ன வெட்டு இருக்கும் இடத்தில், ஒரு வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது. பெட்டி அதை எழுத மறுத்தது. அந்தக் காகிதம் எதற்கு என்று எனக்குத் தெரியும். உள்ளே இருப்பதை யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக மூத்தார் ஒட்டுவது அது. புதுப் பிளாப்பியில் அது இருக்காது. அதுவும் எனக்குத் தெரியும்.

பிளாப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலுக்குப் போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. என் வளையல் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"யாரு?" என்றார்.

இது எதுக்குங்க என்று கேட்டால் போதும். இரண்டு வார்த்தை. அந்த அறையில் பானையும் இல்லை, ரேடியோவும் இல்லை. படுத்திருக்கிற மூத்தார் முன்னால் போய் நின்று, உங்கள் மிஷினைத் தொட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் திரும்புவதற்குள் நான் நகர்ந்துவிட்டேன். மேசைக்கு வந்து நின்றேன். ஏழு முடிந்து ஒன்று மிச்சம் கிடந்தால் யார் செய்தது என்று கேள்வி வரும் என்று பயந்தேன். இங்கிலீஷ் வரி எட்டாவதற்கும் வந்திருந்தது. திரை பொய் சொல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நகத்தால் அந்தக் காகிதத்தை உரித்தேன். பெட்டி நாற்பது வரை எண்ணியது.

அமீர்பேட் ஆள் அன்று வரவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஜுரம் இறங்கியிருந்தது. மூத்தார் குளித்துவிட்டுச் சிபிஎம்மை மேலே போட்டு ஒவ்வொரு பிளாப்பியாகப் பார்த்தார். எடுத்தார், ஊதினார், மறுபடி போட்டார். எட்டும் முடிந்தன. பிறகு டாஸை மாற்றிப் போட்டுப் பார்த்தார். டாஸ் நன்றாகப் படித்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்றது. நான் நிலைப்படியில் முறத்தோடு நின்றிருந்தேன். அவர் கழுத்துப் பின்புறம் வியர்த்தது. அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"சின்னா, நேத்து யாரு வந்தது?"

"தியாகு அண்ணன்தான். நீதான் பேசினியே. இன்னா ஆச்சு?"

அவர் எட்டையும் விளிம்பு சேர அடுக்கி டப்பாவில் வைத்தார். "டாஸுக்கு சிபிஎம் பிளாப்பியைத் தெரியாதுடா. புதுசுன்னு நெனச்சுக்கும். தெரியாம யாராவது செஞ்சிருந்தா ஏழு போயிருக்கும், அவ்வளவுதான். எட்டாவதுல எல்லாத்துக்கும் காப்பி வெச்சிருந்தேன். வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தேன். தெரியாதவன் அதைப் பாத்தா நிறுத்தியிருப்பான். இவன் அதை உரிச்சிட்டுச் செஞ்சிருக்கான்."

"யாரு?"

அவர் தம்பியின் சட்டைப் பையைப் பார்த்தார். பேனா சாய்ந்திருந்தது. அதை அவர் நேராக்கவில்லை.

இரண்டு நாளில் மூன்று வருடத்தை எழுத முடியாது. புதன்கிழமை பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், கமிட்டி முன் வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறார். புரோகிராம் ஓடும்போது கூப்பிடுங்கள் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம். வேலை தியாகு அண்ணனுக்குப் போயிற்று. மூத்தார் யாரிடமும் ஒரு புகாரும் சொல்லவில்லை. தியாகு அண்ணனோடு பேசுவதை மட்டும் நிறுத்தினார். ஆனால் என் கணவர் நாலு பேரிடம் சொன்னார். அந்த நாலு பேரால் விஷயம் கம்பெனி பஸ் முழுக்கப் பரவியது. பஸ்ஸில் தியாகு அண்ணன் பக்கத்து இடம் காலியாகவே வருமாம்.

நான் என்ன செய்தேன்? மூன்று வேளையும் சமைத்தேன். உரித்த காகிதத்தைத் தூக்கிப் போட மனம் வராமல், அடுப்படி முருகன் படத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தேன். விளக்கு ஏற்றும்போதெல்லாம் அது அங்கே இருப்பது தெரியும். என் கணவரிடம் சொல்ல எத்தனையோ முறை வாய் வரை வந்தது. அவர் உடனே தியாகு அண்ணனைத் திட்ட ஆரம்பிப்பார்; நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

பத்து மாதம் கழித்து, அடுத்த ஜூனில், தியாகு அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். மூத்தார் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். தியாகு அண்ணன் பத்திரிகையைக் கம்ப்யூட்டர் மேல் வைத்தார். என்னைப் பார்த்தார். ஆள் இளைத்திருந்தார்.

"தங்கச்சி, அன்னிக்கு நீ வீட்டுலதான் இருந்தே. நான் இதைத் தொட்டேனா? நீயாவது சொல்லும்மா."

அவர் எனக்கு மூத்தார் இல்லை. அவரோடு பேச எந்தத் தடையும் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு பழக்கம்கூட இல்லை.

"காபி கொண்டாரேண்ணே" என்றேன்.

நான் டம்ளரோடு திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் காபியை நான் கொட்டவில்லை. அடுப்படியில் நின்று ஆறிய பிறகு குடித்தேன்.

மறுநாள் ஞாயிறு. என் கணவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மூத்தார் முகம் கழுவ வெளியே போனபோது, நான் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் திரும்பி வந்து பார்க்கட்டும் என்று, முதல் முறையாக. பத்திரிகையை மேசையில் எடுத்து வைத்து, துணியை விலக்கி, டாஸை மேலே போட்டு, ஸ்விட்சைப் போட்டேன். புதுப் பிளாப்பி ஒன்றை எடுத்து, முருகன் படத்துக்குப் பின்னாலிருந்த அந்தக் காகிதத்தை அதன் ஓரத்தில் ஒட்டினேன். பசை போயிருந்தது, விரலால் அழுத்த வேண்டியிருந்தது.

அவர் துண்டோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டார். நான் எப்போதும் நிற்கிற இடம் அது.

பிளாப்பியைக் கீழே போட்டேன். அந்த இங்கிலீஷ் வரி வந்தது. ஒற்றை விரலால் ஃபார்மட் என்று அடித்தேன். பெட்டி மறுத்தது. பிளாப்பியை வெளியே எடுத்து, அவர் பார்க்கும்படி காகிதத்தை நகத்தால் உரித்து, மேசை விளிம்பில் ஒட்டினேன். மறுபடி போட்டேன். பெட்டி எண்ண ஆரம்பித்தது. அது நாற்பதை எட்டுவதற்குள் என் முந்தானை நனைந்துவிட்டது.

எழுந்து நின்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "உரிச்சது நான்தாங்க."

பன்னிரண்டு வருடத்தில் நான் அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் ரேடியோவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கு வாசல்ல வந்து நின்னது நீயாம்மா?" என்றார்.

"ஆமாங்க."

"யாருன்னு கேட்டேனே."

நான் ஸ்விட்சை அணைத்தேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பத்திரிகையை எடுத்துப் பையில் வைத்து, உப்பல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்பி வந்தார். என் கணவர் கேட்டார், "எங்கண்ணே போயிருந்தே?"

"தியாகு வீட்டுக்கு. ஜுர வேகத்துல நானே எல்லாத்தையும் அழிச்சிட்டு மறந்துட்டேன்டா. இப்பத்தான் ஞாபகம் வந்தது. மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டு வந்தேன்."

"நீயா! அப்புறம் நான் அந்த ஆளை அத்தனை பேர்கிட்ட..." என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவர் இன்னா சொன்னாரு?"

"உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சான். 'பத்து மாசமாச்சே வேதா'ன்னான்."

கல்யாணத்துக்கு மூத்தாரும் என் கணவரும் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். தியாகு அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மூத்தார் அந்தப் புரோகிராமை மறுபடி எழுதவில்லை. அதே நாற்காலியில் டெக்னீஷியனாகவே ரிட்டையர் ஆனார். சாகும்வரை என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் பழையபடி பானையையும் ரேடியோவையும் பார்த்தே பேசினோம். ஆனால் நான் வாசலில் வந்து நின்றால் அவர் யாரென்று கேட்க மாட்டார். கையிலிருப்பதை வைத்துவிட்டு, நான் பேசும்வரை காத்திருப்பார்.

ஜுர வேகத்தில் வேதாசலம் தன் வேலையைத் தானே அழித்துக்கொண்டார் என்று அந்தத் தொழிற்சாலையில் பழையவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இதை எழுதினேன். தியாகு அண்ணன் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. ஜுரத்தில் எங்கள் மூத்தாரும் தொடவில்லை.